ஏற்காட்டு மலைப்பாதைப் பலகை: மூன்று வயதுப் பிள்ளைக்கு நாமே செய்து தரும் விளக்கு விளையாட்டு

இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை. அதன் மேல் அடிவாரத்தில் தொடங்கி ஏரி வரைக்கும் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. பிள்ளையின் கையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மரப் பஸ். பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு விளக்கு எரியும்; பஸ் தாண்டியதும் அணையும். கீழே ஒரு பெரிய பட்டன், அமுக்கினால் ஹாரன். பக்கத்தில் ஒரு ஸ்விட்ச், போட்டால் அடிவாரத்துத் தெருவிளக்கு. ஒரு திருகு, திருப்பினால் மேலே ஏரி மெல்ல நீலமாக ஒளிரும். அவ்வளவுதான். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, தானாக ஓடுவது எதுவும் கிடையாது.

அதெல்லாம் இல்லாதது வேண்டுமென்றேதான். கடையில் விற்கும் பேட்டரி பொம்மைகளில் பல, ஒரு பட்டனை அமுக்கினால் தானே பாடி, தானே ஆடி, தானே நின்றுவிடும். பிள்ளைக்கு அதில் வேலையே இல்லை, வேடிக்கை பார்ப்பதோடு சரி. மூன்று வயதில் பிள்ளை திரும்பத் திரும்பத் தேடுவது ‘நான் செய்தேன், அது நடந்தது’ என்கிற நிச்சயத்தை. அதனால் இந்தப் பலகைக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே: ஒரு கைவேலைக்கு ஒரு விளைவு, கையைத் திருப்பினால் விளைவும் திரும்ப வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர், புரோகிராம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அதனால்தான். மூன்று பேட்டரிக் கட்டை, சில ஸ்விட்ச், சில எல்இடி போதும்.

மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது சேலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாதை. ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து 20 வளைவையும் எண்ணிக்கொண்டு போகிற பழக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும், மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதையும் பிள்ளைக்குப் பலகையிலேயே விளையாட்டாகச் சொல்லித் தரலாம். பலகையில் 20 வளைவு அடங்காது. நான்கு போதும்.

எதையெல்லாம் சேர்க்கக் கூடாது

சாமான் வாங்கப் போவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரி இந்த வீட்டுக்குள்ளேயே வேண்டாம். பிள்ளை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். காலியான பேட்டரியும் இதைச் செய்யும். எங்கேயாவது பிள்ளை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும்.

பழைய செல்போன் பேட்டரி, பவர்பேங்கிலிருந்து கழற்றிய லித்தியம் கட்டை, சுவர் அடாப்டர் மூன்றும் வேண்டாம். ரிமோட்டுக்குப் போடும் ஏஏ கட்டை மூன்று போதும், மொத்தம் 4.5 வோல்ட். அதிலும் விலை குறைந்த சாதாரண கார்பன் ஜிங்க் கட்டையே என் தேர்வு. உள்ளே எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால், அல்கலைன் கட்டையும் சார்ஜ் ஏற்றும் கட்டையும் நிறைய கரண்டைக் கொட்டிச் சூடாகும். கார்பன் ஜிங்க் அந்த அளவுக்குத் தராது. அதற்கு மேலும் ஒரு காவலாக 200 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுவோம். கரண்ட் எல்லை மீறினால் அது தானே அடைத்துக்கொள்ளும், ஆறியதும் தானே திறக்கும்.

அடுத்தது நான் பிடிவாதமாகச் சொல்வது. வீட்டுச் சுவரில் இருக்கிற அதே ஸ்விட்ச், அதே பிளக் பாயிண்ட், அதே காலிங் பெல் பட்டன் ஆகியவற்றைப் பொம்மைப் பலகையில் மாட்டித் தருகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பலகையில் விரல் விட்டு விளையாடிய துளையும் சுவரில் 230 வோல்ட் இருக்கிற துளையும் வேறு வேறு என்று மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே பலகையில் வைக்கும் ஸ்விட்ச் எதுவும் வீட்டில் இருப்பதுபோல் இருக்கக் கூடாது.

சின்னச் சின்னப் பொருளும் கூடாது. கடையில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நம் பிள்ளைக்கு நாமே செய்வதற்கு முத்திரை தேவையில்லை என்றாலும், அந்தச் சோதனைகளில் ஒன்றை வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம். பரிசோதனைக் கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடியது என்று கணக்கு. பலகையிலிருந்து பிய்த்தால் வரக்கூடிய ஒவ்வொரு பாகத்தையும் இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் அடங்குகிற எதுவும் பிய்யவே வராதபடி பின்பக்கத்திலிருந்து பொருத்த வேண்டும்.

சாமான்கள்

பலகைக்கு 4 மில்லி பிளைவுட், சட்டத்துக்கு 2 அங்குல உயர ரீப்பர். இரண்டும் மரக்கடையில் கட் பீஸாகவே கிடைக்கும். முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை. பின்மூடிக்கு நான் சொல்வது 3 மில்லி கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட். போர்டு எழுதும் கடைகளில் மிச்சத் துண்டு கேட்டால் அளவுக்கு வெட்டியே தருவார்கள். பின்பக்கம் தெரிகிற பலகையைத் திருப்பி வைத்து வயர் போகிற வழியைப் பார்ப்பது பிள்ளைக்குத் தனி விளையாட்டு.

எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போகும்போது இந்தச் சீட்டை எழுதிக்கொண்டு போங்கள்: 5 மில்லி எல்இடி மஞ்சள் நான்கு, வெள்ளை இரண்டு, நீலம் ஒன்று, 330 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் பத்து, 10கே வால்யூம் கண்ட்ரோல் ஒன்று, அதற்கு ஸ்க்ரூ வைத்து இறுக்கும் நாப், மூன்று கால் மினி டாகிள் ஸ்விட்ச் ஒன்று, மூன்று ஏஏ கட்டை போடும், ஸ்க்ரூ மூடியுள்ள ஹோல்டர், சின்ன ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்று, பாலிஃபியூஸ் ஒன்று, காந்தம் கிட்டே வந்தால் தானே ஆன் ஆகும் ரீட் ஸ்விட்ச் ஆறு (வளைவுகளுக்கு நான்கு, உடைந்தால் மாற்ற இரண்டு), 25 மில்லி அகலமுள்ள கறுப்பு ஃபெரைட் காந்தம் ஒன்று. ஹாரனுக்கு வீடியோ கேம் மெஷினில் வரும் பெரிய ஆர்கேட் பட்டன், கூடவே பஸ்ஸர். பஸ்ஸர் கேட்கும்போது மட்டும் “அண்ணே, ஆக்டிவ் பஸ்ஸரா பார்த்துக் குடுங்க, பேட்டரி வச்சா தானா கத்தணும்” என்று சொல்லி, கடையிலேயே ஒரு தடவை கத்த வைத்துப் பார்த்து வாங்குங்கள். பேசிவ் என்று இன்னொரு ரகம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் பேசிவ் பஸ்ஸர் பேட்டரி கொடுத்தால் ‘டிக்’ என்பதோடு நின்றுவிடும்.

எந்தக் கடை என்று தெரியவில்லையென்றால் உங்கள் தெருவில் டிவி, மிக்ஸி பழுது பார்ப்பவரைக் கேளுங்கள். அவர் வாங்குகிற கடையில் ரீட் ஸ்விட்ச் தவிர எல்லாம் கிடைத்துவிடும். ரீட் ஸ்விட்ச் எல்லாக் கடையிலும் இருக்காது, ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கலாம்.

வயருக்குத் தூக்கிப் போட்ட லேன் கேபிள் ஒரு மீட்டர் இருந்தால் நல்லது. உரித்தால் எட்டு நிறத்தில் எட்டு வயர். உரித்த நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், இரண்டு தடவை வளைத்தாலே ஒடியும், அதை ஒதுக்கிவிடுங்கள். உள்ளேயும் செம்பு நிறமே தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பலகையும் பஸ்ஸும்

பிளைவுட்டை 2 அடிக்கு 1½ அடி அளவில் வெட்டி, ரீப்பர் சட்டத்தை அடியில் ஃபெவிகால் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். 4 மில்லி பிளைவுட் இவ்வளவு அகலத்துக்கு நடுவில் தொய்யும். பிள்ளை அதன் மேல் ஏறி உட்காரத்தான் போகிறது. எனவே குறுக்கே ஒரு ரீப்பரைத் தாங்கலாகக் கொடுங்கள், வளைவுகளும் ஸ்விட்சுகளும் வரும் இடத்தை விட்டு. மூலைகளை உருட்டி, 120 நம்பர் உப்புத்தாளால் ஒரு தடவை, 220 நம்பரால் ஒரு தடவை தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்த விளிம்பில் ஒரு பழைய துணியை ஓட்டிப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது.

கீழே 15 சென்டிமீட்டர் ஸ்விட்சுகளுக்கு. அதற்கு மேல் உள்ள இடத்தில் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் பாதையை வரையுங்கள். கையால் வரைந்த பாதையே நன்றாக இருக்கும். ஓரத்தில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, தடுப்புச் சுவரில் குரங்கு என்று நமக்குத் தெரிந்த மலையை அப்படியே கொண்டுவரலாம். மேலே ஏரி. வளைவுக்கு வளைவு 1, 2, 3, 4 என்று தமிழ்நாட்டு நெடுஞ்சாலைப் பலகை பாணியில் எழுதினால் பிள்ளை எண்ணவும் பழகும். பெயிண்ட் வாங்கும்போது ஈயம் கலக்காதது என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. அதற்கு முன் வாங்கி மூலையில் கிடக்கும் பழைய டப்பாவைத் தொடாதீர்கள்.

பஸ்ஸை ஒரே மரத்துண்டில் செய்ய வேண்டும்: 9 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 4 உயரம். மலையில் எஸ்டேட் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் சில்வர் ஓக் துண்டு கேட்டு வாங்கலாம், இழைக்கச் சுலபமான மரம். சக்கரம் வைக்காதீர்கள். கழன்றால் வாய்க்குள் போகும், அதோடு காந்தத்தையும் பாதையிலிருந்து தூக்கிவிடும். சக்கரத்தை வரைந்தால் போதும். பஸ் வழுக்கிக்கொண்டு போகும்.

பஸ்ஸின் அடியில் நடுவாக 26 மில்லி அகலத்துக்கு ஒரு குழி எடுத்து, காந்தத்தை அரால்டைட் போன்ற இரண்டு ட்யூப் பசையில் பதியுங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு குழியை மூடும்படி பஸ்ஸின் அடி முழுவதுக்கும் 1 மில்லி பிளைவுட் தகடு ஒன்றைப் பசை வைத்து ஒட்டி, நான்கு மூலையிலும் சின்ன ஸ்க்ரூவை உள்ளடங்க இறக்குங்கள். காந்தத்தின் ஒரு முகம் கீழே பாதையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் சின்ன நியோடிமியம் காந்தம் வலுவானதுதான், ஆனால் இதற்கு வேண்டாம். அப்படி இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் பிடித்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். ஃபெரைட் பெரியது, பலம் குறைந்தது, இந்த வேலைக்குப் போதுமானது.

வளைவில் விளக்கு எரிவது எப்படி

இந்தப் பலகையின் உயிர் ரீட் ஸ்விட்ச்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நெல்மணியை விடச் சற்று நீளமான ஒரு கண்ணாடிக் குழல். உள்ளே இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள், ஒன்றையொன்று தொடாமல், முடியளவு இடைவெளியில் நிற்கும். காந்தம் அருகே வந்தால் இரண்டு நாக்கும் காந்தமாகி ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், கரண்ட் பாயும். காந்தம் போனதும் விலகிவிடும். வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் அந்த நாக்குகள் சேர்வது கண்ணுக்கே தெரியும், காதோரம் வைத்தால் மெல்லிய ‘டிக்’ கேட்கும். பிளைவுட்டுக்கு அடியில் இதை வைத்தால், மேலே பஸ் போகும்போது வெளியே எந்த ஸ்விட்சும் தெரியாமல் விளக்கு எரிகிறது.

இதில் இடம் வைப்பதுதான் சூட்சுமம். காந்தத்தின் முகம் கீழே பார்த்தபடி குழலின் சரியான நடுவில் வந்து நின்றால் ஸ்விட்ச் வேலை செய்யாது. நாக்கு இரண்டும் ஒரே மாதிரி காந்தமாகி, இழுக்க ஆளில்லாமல் நிற்கும். குழலின் ஏதாவது ஒரு முனைக்கு மேல் வந்தால்தான் ஒட்டும். ஆகவே குழலைப் பாதையின் நீளவாக்கில் வைத்தால் பஸ் போகும்போது விளக்கு எரிந்து, நடுவில் அணைந்து, மறுபடி எரியும். குழலைப் பாதைக்குக் குறுக்காக வைத்து, அதன் ஒரு முனை பாதையின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே வரும்படி தள்ளி ஒட்டினால் பஸ்ஸுக்கு ஒரு தடவை மட்டும் எரியும். நமக்கு வேண்டியது இதுதான்.

ஒட்டுவதற்கு முன் சோதனை. மல்டிமீட்டரை பீப் சத்தம் போடும் இடத்தில் வைத்து, இரண்டு முள்ளையும் ரீட் ஸ்விட்சின் இரண்டு கம்பியில் கிளிப் போடுங்கள். ஸ்விட்சை செல்லோடேப்பால் பலகையின் அடியில் ஒட்டிவிட்டு, மேலே பஸ்ஸை மெதுவாகத் தள்ளுங்கள். எங்கே பீப் வருகிறது, எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பீப் வரவே இல்லையென்றால் இடைவெளி அதிகம். அந்த இடத்தில் பிளைவுட்டை அடியிலிருந்து ஒன்றிரண்டு மில்லி குடைந்து ஸ்விட்சை உள்ளே இறக்குங்கள், அல்லது இன்னும் கனமான காந்தம் போடுங்கள்.

ரீட் ஸ்விட்சின் கம்பியை நேராகக் கையால் வளைத்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். கண்ணாடிக்கும் வளைக்கும் இடத்துக்கும் நடுவே மூக்குப் பிளையரால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கத்தை மட்டும் வளைக்க வேண்டும். சால்டரிங்கும் கண்ணாடியிலிருந்து எட்டத்தில். இடம் உறுதியானதும் குழலின் மேல் ஒரு துண்டு ஸ்லீவ் (வயருக்கு மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை) மாட்டி, சிலிக்கான் பசையால் ஒட்டிவிடுங்கள். சிலிக்கான் கொஞ்சம் நெகிழும், பலகை கீழே விழுந்தாலும் கண்ணாடிக்கு அதிர்ச்சி குறையும்.

துளைகளும் எல்இடியும்

எல்இடிக்கு 5 மில்லி துளை. எல்இடியின் அடியில் ஒரு சின்ன விளிம்பு இருக்கும், அது 5 மில்லித் துளைக்குள் நுழையாது. பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் தலை மட்டும் முன்னால் எட்டிப் பார்க்கும், பிள்ளை எவ்வளவு இழுத்தாலும் வராது. பின்னால் இரண்டு ட்யூப் பசை ஒரு சொட்டு. குளூகன் பசை சீக்கிரம் ஆகும் வேலைதான். ஆனால் சித்திரை வெயிலில் சாத்திய காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ பலகை கிடந்தால் இளகிவிடும். அதனால் வயரை இடத்தில் நிறுத்த மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டாகிள் ஸ்விட்சுக்கு 6 மில்லி, வால்யூம் கண்ட்ரோலுக்கு அதன் கழுத்தை அளந்து ஒரு துளை. பட்டனுக்கும் அளந்துதான். இரண்டு பட்டன் ஒரே அளவில் வருவதில்லை. எல்லாத் துளையையும் முன்பக்கத்திலிருந்து போட்டு, அடியில் ஒரு வேஸ்ட் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிளைவுட் பிய்யாது.

சர்க்யூட்

ஹோல்டரின் சிவப்பு வயர், ஸ்லைடு ஸ்விட்ச், பாலிஃபியூஸ். அதிலிருந்து பலகை நீளத்துக்கு ஒரு சிவப்பு வயர், இதைப் பிளஸ் லைன் என்று வைத்துக்கொள்வோம். ஹோல்டரின் கறுப்பு வயரிலிருந்து அதேபோல் ஒரு கறுப்பு மைனஸ் லைன். இனி ஒவ்வொரு விளையாட்டும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஏணிப்படி. பிளஸ் லைனிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து கரண்டை மட்டுப்படுத்தும் 330 ஓம் ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து எல்இடியின் நீளமான கால், குட்டைக் கால் மைனஸ் லைனுக்கு. காலை வெட்டிவிட்டீர்களென்றால் எல்இடியின் அடி விளிம்பில் தட்டையான பக்கத்தைத் தேடுங்கள், அது மைனஸ்.

330 ஓம் எப்படி வந்தது? மஞ்சள் எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். 4.5-ல் மீதி 2.5 வோல்ட். 2.5-ஐ 330-ஆல் வகுத்தால் சுமார் 7½ மில்லி ஆம்பியர். வீட்டுக்குள் பார்க்க இந்த வெளிச்சம் போதும், கண்ணும் கூசாது. வெள்ளையும் நீலமும் 3 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்வதால் அவற்றுக்கு நாலரை மில்லி ஆம்பியர் போகும், அதுவும் போதும். ஆக எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர், ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன் கோடு. தெருவிளக்கில் இரண்டு வெள்ளை எல்இடி இருக்கிறதே என்று ஒரே ரெசிஸ்டரில் இரண்டையும் சேர்க்காதீர்கள். இரண்டில் ஒன்று அதிகம் குடிக்கும், மற்றது மங்கும். ஆளுக்கொன்று கொடுங்கள்.

ஏரிக்கு மட்டும் ஸ்விட்சுக்குப் பதில் வால்யூம் கண்ட்ரோல். மூன்று காலில் நடுக்காலும் ஏதாவது ஓர் ஓரக்காலும் போதும். வலப்பக்கம் திருப்பினால் வெளிச்சம் கூட வேண்டும். குறைந்தால் ஓரக்காலை மாற்றிப் போடுங்கள். 330 ஓம் இங்கேயும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் திருகு கடைசிக்குப் போகும்போது எல்இடி கருகிவிடும்.

ஹாரன் ஏணிப்படியில் ரெசிஸ்டர் வேண்டாம். பிளஸ் லைன், பட்டன், பஸ்ஸரின் பிளஸ் கால், மைனஸ் லைன். பஸ்ஸரைச் சட்டத்துக்குள்ளேயே வைத்து, அதன் துளை மேல் இரண்டடுக்கு டேப் ஒட்டுங்கள். பிள்ளைகள் சத்தம் வருகிற பொருளைக் காதில் வைத்துப் பார்க்கும். உங்கள் காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள், உங்களுக்கே உறுத்தினால் இன்னோர் அடுக்கு டேப்.

பற்றவைப்பு

நம் ஊரில் கொலுசுப் பட்டறை உள்ள வீடுகளில் பற்றவைப்பு கைவந்த கலை. ஆனால் அந்த வெள்ளிப் பொடியும் ஊதுகுழல் சூடும் இங்கே உதவாது. இதற்கு 25 வாட் சால்டரிங் அயர்ன், உள்ளே ரோசின் வைத்த மெல்லிய சால்டர் கம்பி. தகரம் ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃப்ளக்ஸும் கூடாது, நாளாக நாளாக அது வயரை அரித்துவிடும்.

அயர்னை மூட்டில் வைத்து, மூட்டு சூடான பிறகு கம்பியை மூட்டில் காட்டுங்கள். அயர்ன் நுனியில் உருக்கிக் கொண்டுவந்து பூசினால் மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு வாரத்தில் விட்டுவிடும். நல்ல மூட்டு வழவழப்பாகப் பளபளக்கும், கம்பியைச் சுற்றி ஓடிப் படிந்திருக்கும். உருண்டையாகத் திரண்டிருந்தால் மறுபடி சூடாக்க வேண்டும். சாதாரண சால்டர் கம்பியில் காரீயம் உண்டு. எனவே பிள்ளை தூங்கும் நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, சாப்பாட்டு மேஜையை விட்டு வேறு இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் சிதறிய துளிகளை ஈரத்துணியால் துடைத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காரீயம் இல்லாத கம்பியும் கிடைக்கிறது. அதற்குச் சூடு கொஞ்சம் அதிகம் வேண்டும், பழகிய கைக்கு அதுவே நல்லது.

சால்டரிங் பழக்கமே இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் ஸ்க்ரூ கனெக்டர் பட்டையில் வயர்களை முறுக்கி இறுக்கியே பெரும்பாலான இணைப்பை முடிக்கலாம். ஸ்விட்ச் கால்களுக்கு மட்டும் தெருவில் உள்ள ரிப்பேர்க் கடைக்காரரிடம் கொடுத்து வயர் வைத்து வாங்கிவிடுங்கள்.

ஓர் ஏணிப்படி முடிந்ததும் பேட்டரி போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஸ்விட்சைப் போட்டால், எரியாத விளக்குக்குக் காரணம் தேட ஒரு ராத்திரி போய்விடும்.

மூடுவதற்கு முன்

பலகையை ஒரு மெத்தை மேல் இடுப்பளவு உயரத்திலிருந்து நான்கைந்து தடவை போட்டு, மறுபடி எல்லா விளக்கையும் பாருங்கள். நாப்பை, பட்டனை, டாகிளை, உங்கள் பலம் முழுவதும் போட்டு இழுங்கள். பஸ்ஸின் அடித்தகட்டை நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஏதாவது ஒன்று அசைந்தால் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

பேட்டரி ஹோல்டரின் மூடி ஸ்க்ரூவால்தான் மூட வேண்டும். அதற்கு மேல் அக்ரிலிக் பின்மூடி, சுற்றிலும் எட்டு ஸ்க்ரூ. அக்ரிலிக்கில் துளை ஸ்க்ரூவை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், இல்லையென்றால் இறுக்கும்போது விரிசல் விடும். ஸ்லைடு ஸ்விட்சின் முனை மட்டும் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு வெட்டு வழியாக வெளியே தெரிந்தால் போதும். அது பெரியவர்களுக்கு, ராத்திரி அணைத்துவிட.

பிள்ளையிடம் தரும்போது எதையும் செய்து காட்டாதீர்கள். பலகையைத் தரையில் வைத்து, பஸ்ஸை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வளைவில் விளக்கு எரிந்ததும் பிள்ளை பஸ்ஸைப் பின்னால் இழுக்கும், மறுபடி தள்ளும், மறுபடி இழுக்கும். அந்த ஒரு வளைவிலேயே வெகுநேரம் நிற்கும். “மேலே போ கண்ணு” என்று அவசரப்படுத்த வேண்டாம். பஸ்ஸால்தான் விளக்கு எரிகிறது என்பதை அது தன் கையாலேயே சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.

பழுது வந்தால்

நீலமும் வெள்ளையும் மங்கி, மஞ்சள் மட்டும் நன்றாக எரிந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவற்றுக்கு 3 வோல்ட் வேண்டும், மஞ்சளுக்கு 2 போதும். மூன்று கட்டையையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது ஒழுகும். ஒரு வளைவு மட்டும் எரியவில்லையென்றால் ரீட் ஸ்விட்ச் கண்ணாடியில் விரிசல் பாருங்கள். பஸ் இல்லாமலே ஒரு வளைவு எரிந்துகொண்டிருந்தால் அதன் நாக்கு ஒட்டிக்கொண்டது, மாற்ற வேண்டியதுதான். எல்லாமே சேர்ந்து அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானே வந்தால் உள்ளே எங்கேயோ ஷார்ட், பாலிஃபியூஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது. உடனே திறந்து பாருங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பிளைவுட்டின் விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு கோட்டு அடியுங்கள். சில நாள் விளையாடாமல் இருந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஹோல்டர் ஸ்ப்ரிங்கில் பச்சை படிந்திருந்தால் உப்புத்தாளால் சுரண்டினால் சரியாகும்.

நான்கு, ஐந்து வயதாகும்போது

அப்போது இதே பலகையில் தெருவிளக்கை மாடிப்படி விளக்காக மாற்றலாம். அடிவாரத்தில் ஒரு டாகிள், ஏரிக்கரையில் இன்னொரு டாகிள். எதைப் போட்டாலும் விளக்கு மாறும். கீழே போட்டுவிட்டு மேலே போய் அணைக்கலாம், மேலே போட்டுவிட்டுக் கீழே வந்து அணைக்கலாம். முதலில் வாங்கிய மூன்று கால் டாகிளே இதற்குப் பொருந்தும், இன்னொன்று வாங்கினால் போதும். முதல் டாகிளின் நடுக்கால் பிளஸ் லைனுக்கு. அதன் இரண்டு ஓரக்காலும் இரண்டாவது டாகிளின் இரண்டு ஓரக்காலுக்கு. இரண்டாவதின் நடுக்காலிலிருந்து இரண்டு 330 ஓம் ரெசிஸ்டருக்கு. ஓரக்கால்களை இணைக்கும் வயர் இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள். பலகையைத் திருப்பி வைத்து, ஸ்விட்சைப் போடும்போது கரண்ட் இப்போது பச்சை வழியாகப் போகிறதா ஆரஞ்சு வழியாகப் போகிறதா என்று பிள்ளையையே விரல் வைத்துக் காட்டச் சொல்லலாம்.